பாதுகாப்புப் பயிற்சியும் அதனை அளிப்போரும்

சில ஆண்டுகளுக்கு முன்னர்க் கைத்தறி நெசவாளர் சங்கமொன்றின் கணக்குகளை நாம் ஆய்வு செய்துகொண்டிருந்தோம். சங்கத்தின் பெயரையும் ஊரையும் இங்குக் குறிப்பதற்கில்லை. செலவுச் சீட்டுகளிடையே, சாயப்பட்டறைத் தொழிலாளர்க்குப் பாதுகாப்புப் பயிற்சி அளித்த வகையில் ஒரு சீட்டு இருந்தது. நிர்வாகக் குழுவின் தீர்மான நகல், வந்திருந்தோர் கையொப்பப் பட்டியல், பயிற்சி அளித்தவரின் ரசீது, எல்லோரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட புகைப்படம் ஆகிய யாவும் ஒழுங்காக இணைக்கப்பட்டிருந்தன. தொகையும் மிகையன்று. நாம் குறியிட்டு அதனை ஏற்றுக்கொண்டோம்.

நான்கு மாதங்கள் கழித்து மீண்டும் அச்சங்கத்திற்குச் சென்றபோது, நெடுங்காலமாகச் சாயப்பட்டறையில் பணிபுரிந்து வந்த ஒருவரை வலது கண்ணில் கட்டுடன் கண்டோம். காஸ்டிக் சோடாச் செதில்கள் கிடந்த வாளியில் அவர் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். கரைசல் குபீரெனக் கொதித்தெழுந்து முகத்தில் தெறித்தது. உடனிருந்தவர் துண்டினால் கண்ணைத் துடைத்துவிட்டுத் தேங்காயெண்ணெய் தேடி ஓடினாராம். குழாயோ பட்டறைக்கு வெளியே, நூல் உலர்த்தும் கொடிகளுக்கு அப்பால் இருந்தது. பார்வை திரும்பவில்லை. கையொப்பப் பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தோம். அவர் பெயர் மூன்றாவதாக இருந்தது.

பயிற்சியில் என்ன கூறினார்கள் என்று அவரையே வினவினோம். தலைக்கவசம் அணிதல், உயரமான இடத்தில் வேலை செய்கையில் இடுப்பு வார் கட்டிக்கொள்ளுதல், தீயணைப்புக் கருவிகளின் வகைகள் முதலியவற்றைத் திரையில் படங்களாகக் காட்டினார்களாம். "நல்லாத்தான் சொன்னாருங்க. நம்ம பட்டறையப் பத்தித்தான் ஒண்ணும் சொல்லலை" என்றார்.

செலவு முறைப்படி நிகழ்ந்ததா என்று பார்த்த நாம், அச்செலவினால் எவருக்கு என்ன கற்பிக்கப்பட்டது என்று ஒருவரையும் கேட்கவில்லை. இக்குறையில் நமக்கும் பங்குண்டு என்பதனாலேயே இவ்விஷயத்தை அங்கத்தினர்களின் கவனத்திற்குக் கொண்டுவர விழைகிறோம்.

இது குறித்துச் சட்டம் யாது கூறுகிறது என்று நிர்வாகிகள் கேட்பதுண்டு. 1984ஆம் ஆண்டின் போபால் விஷவாயு விபத்திற்குப் பிறகு, 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 1987ல் திருத்தப்பட்டது. வேலையிடத்துப் பாதுகாப்பைப் பற்றிய செய்திகளையும் பயிற்சியையும் பெறும் உரிமை அத்திருத்தத்தினால் தொழிலாளிக்கு எழுத்தில் கிடைத்தது. ஆயினும் மின்விசையுடன் 10 பேரும், விசையின்றி 20 பேரும் வேலை செய்யும் இடங்களையே அச்சட்டம் தொழிற்சாலை எனக் கொண்டது. அதற்கு மாற்றாக வந்த 2020ஆம் ஆண்டுத் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அதில் இவ்வெண்கள் முறையே 20, 40 என உயர்த்தப்பட்டுள்ளன. நமது சங்கங்களின் சாயப்பட்டறைகளிலோ ஆறேழு பேர் வேலை செய்தாலே அதிகம். வீட்டுத் தறிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டுவதில்லை. ஆகையால் எவரேனும் வந்து கேட்பார் என்று காத்திராமல், சங்கங்கள் தாமே முன்வந்து செய்துகொள்ள வேண்டிய காரியம் இது.

நிற்க. பயிற்சி ஆசிரியரைத் தெரிந்தெடுப்பது எப்படி? பெரும்பாலான நிர்வாகக் குழுக்கள் முதலில் கேட்பது கட்டணம் எவ்வளவு என்பதைத்தான். அதைப் பிறகு கேட்கலாம். முதற்கண் அவரைச் சாயப்பட்டறைக்குள் ஒருமுறை அழைத்துச் சென்று, அவர் எதை நோக்குகிறார், எதை வினவுகிறார் என்று கவனியுங்கள்.

வேலை அறிந்தவர் முதலில் குழாய் எங்கே என்று தேடுவார். காஸ்டிக் சோடா நீரில் கரையும்போது கடும் வெப்பம் உண்டாகிறது. நிறையத் தண்ணீரில் சிறிது சிறிதாகச் சோடாவை இட்டுக் கலக்கினால் அவ்வெப்பம் நீரெங்கும் பரவி அடங்கும். சோடாவின் மேல் தண்ணீரை வார்த்தால், அச்சிறு நீர் அங்கேயே கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்ட காரம் அமிலத்தைவிடக் கொடியது. அமிலம் பெரும்பாலும் மேற்பரப்பைத் தீய்த்து ஓரளவில் நின்றுவிடும். காரமோ தசையைக் கரைத்துக்கொண்டே உட்செல்லும். அதனைத் துடைப்பதில் பயனில்லை, எண்ணெயிடுவதும் கூடாது. இமைகளைத் திறந்து பிடித்துக்கொண்டு, தூய நீரை 15 நிமிஷங்களுக்குக் குறையாமல், இயன்றால் அதற்கு மேலும் விட்டுக் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும். முதல் சில விநாடிகளிலேயே கண்ணின் கதி பெரிதும் தீர்மானமாகிவிடுவதால், குழாய் எத்தனை அடி தூரத்தில் உள்ளது என்ற கேள்வி அற்பமானதன்று.

அடுத்து, ஹைட்ரோஸ் டப்பா எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்பார். வாட் சாயத்திற்குப் பயன்படும் இந்த சோடியம் ஹைட்ரோசல்பைட்டின் மேல் சிறிது ஈரம் பட்டாலும் அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். மூச்சை அடைக்கும் கந்தகப் புகையும் எழும். ஐப்பசி மழையில் ஒழுகும் ஓட்டுக் கூரையின்கீழ் மூடி திறந்த டப்பாவை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். வெளுப்புத் தூளும் அமிலமும் ஒரே அலமாரியில் இருப்பின், நல்ல ஆசிரியர் பேச்சைத் தொடங்குமுன்பே அவற்றைப் பிரித்து வைக்கச் சொல்வார். அவை இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும்.

இன்னும் ஒரு கேள்வியை அவரிடம் நீங்களே கேட்டுப் பாருங்கள். கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவர் மயங்கி விழுந்துவிட்டால், மேலே நிற்பவர் என்ன செய்யவேண்டும்? கந்தகச் சாயக் கழிவோடு அமிலம் சேர்ந்தால் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகும். அது மிகுந்துவிட்டால் மூக்கு நாற்றத்தையே உணராது. காப்பாற்றவென்று இறங்குகிறவரும் முன்னவர் மேலேயே விழுவார். உடனே இறங்கித் தூக்கவேண்டும் என்று விடை கூறுபவரை, காப்பி கொடுத்து மரியாதையாக அனுப்பிவிடலாம்.

சான்றிதழ் அவசியமில்லை என்று நாம் கூறவரவில்லை. தொழிற்பாதுகாப்பில் பட்டயம் பெற்றவர்க்கு, ஏன் எதனால் என்று விளக்கும் அறிவு உண்டு. ஆனால் ஒரு சிட்டம் நூலையேனும் தொட்டியில் முக்கி அறியாதவர் பட்டறைக்காரர்களிடம் பேசினால் அவர்கள் தலையசைத்துவிட்டுத் தம் வழக்கப்படியே செய்வார்கள். மறுபுறம், நாற்பதாண்டு அனுபவமுள்ள சாயக்காரரையே ஆசிரியராக்கிவிட்ட சங்கத்தையும் பார்த்தோம். கரைசலின் வீரியத்தை விரலால் தொட்டு அறிவது அவருக்கு வழக்கம். அதையே பெருமையுடன் பிறருக்கும் கற்பித்துக்கொண்டிருந்தார். நமது அபிப்பிராயத்தில், கற்றவர் ஒருவரும் சங்கத்தின் தேர்ந்த சாயக்காரர் ஒருவரும் சேர்ந்து நடத்துவதே உசிதம். 1956 முதல் தொடங்கப்பெற்ற நெசவாளர் சேவை மையங்களிலும், 1960ல் சேலத்தில் நிறுவப்பட்ட இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகத்திலும் சாயத்தொழிலை முறையாகக் கற்றோர் உளர். சங்கத் தலைவர் எழுதிக் கேட்டால் அங்கிருந்து வழிகாட்டுதல் பெறலாம். தீயைப் பற்றிய பயிற்சிக்குத் தீயணைப்பு நிலையத்தாரைவிடச் சிறந்தவர் எவருமில்லை.

விசைத்தறிக்கூடங்களில் பாயும் நாடாவுக்குத் தடுப்புக்கம்பி, ஓடும் பட்டைகளுக்கு மூடி, சேலை முந்தானையையும் வேட்டி நுனியையும் இறுகச் செருகிக்கொள்ளுதல் ஆகியவை பலரும் அறிந்தவையே. வடமாநிலங்களிலிருந்து வந்து வேலை செய்வோருக்குத் தமிழில் மட்டும் வகுப்பெடுத்துவிட்டு, அவர்களிடம் கையொப்பம் வாங்குவது முறையன்று என்பதை மட்டும் இங்குச் சேர்த்துக்கொள்கிறோம்.

விவசாய அங்கத்தினர்க்கு இதைக்காட்டிலும் நெருங்கிய அபாயம் ஒன்றுண்டு. 2017ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில், பருத்திக்குப் பூச்சிமருந்து தெளித்தவர்களில் நூற்றுக்கணக்கானோர் நஞ்சேறி மருத்துவமனை சேர்ந்தனர். 20 பேருக்கு மேல் மாண்டனர். செடிகள் ஆளுயரத்திற்கு வளர்ந்திருந்தமையால் தெளித்த மருந்து முகத்தின் மீதே படிந்தது. பல மருந்துகளை ஒன்றாய்க் கலந்து அடித்ததும் உண்டு. மாண்டோரில் கூலிக்குத் தெளித்தவர்களும் இருந்தனர் என்பதை நாம் மறக்கலாகாது. நம் ஊர்களில் நடைபெறும் கூட்டங்களுக்கு வருகிறவர் நிலத்துக்குரியவர். மறுநாள் முதுகில் தெளிப்பானைச் சுமப்பவர் வேறொருவர். முன்னவர் கையொப்பமிட்டதால் பின்னவரின் நுரையீரல் காக்கப்படுவதில்லை. ஆகவே தெளிக்கும் ஆளையும், அரைநாள் கூலி கொடுத்தேனும் வரவழைக்கவேண்டும்.

இங்கும் ஆசிரியர் யார் என்பதே கேள்வி. மருந்து விற்கும் நிறுவனத்தின் பிரதிநிதியை அழைத்தால் செலவில்லை, தேநீரும் அவரே தருவார். ஆனால் எந்த மருந்து எத்தனை பூச்சியைக் கொல்லும் என்பதைத்தான் அவர் உற்சாகத்துடன் விளக்குவார். தெளிக்காமலே விடலாம் என்ற யோசனை அவர் வாயில் வருவது அரிது. இதற்கு வேளாண் அறிவியல் நிலையத்தாரை அழைப்பதே தக்கது. நாட்டின் முதல் நிலையம் 1974ல் புதுச்சேரியில் தோன்றியது. இன்று ஏறக்குறைய எல்லா மாவட்டங்களிலும் உள்ளது. டப்பாவின்மீதுள்ள வர்ணக் குறியில் சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், பின் நீலம், கடைசியில் பச்சை என்பதைத் தெளிப்பவர் கையில் டப்பாவைக் கொடுத்தே சொல்லிக்காட்டவேண்டும். பச்சையென்றால் தீங்கில்லை என்று பொருளன்று. அடைத்துக்கொண்ட நாசிலை வாயால் ஊதும் பழக்கத்தை, தண்ணீர் நிரப்பிய தெளிப்பானை வயலில் ஒருவர் இயக்கும்போது அருகில் நின்று பார்த்தாலன்றித் தடுக்க இயலாது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்க ஆலைகளுக்குள் புதிய தொழிலாளர் திரளாக வந்தபோது, அவர்களுக்கு வேலை கற்பிக்கும் மேஸ்திரிகளுக்கென்று ஒரு முறை வகுக்கப்பட்டது. முதலில் கற்பவரைத் தயார்செய்தல், பின் வேலையைச் செய்துகாட்டி விளக்குதல், பின் அவரையே செய்யவைத்தல், இறுதியில் சில நாள் விட்டுச் சென்று கவனித்தல் என நான்கு படிகள். நம் பயிற்சிகளில் பெரும்பாலானவை இரண்டாம் படியில் பாதியோடு நின்று, உணவுப் பொட்டலத்துடன் முடிகின்றன.

முற்கூறிய சங்கம் மறு ஆண்டில் வேறொருவரை அமர்த்தியது. சாய ஆலையொன்றில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்ற அவர், பாதுகாப்புப் பட்டயமும் பெற்றவர். முதல் நாள் முழுவதும் அவர் எதுவும் பேசாது, வேலை நடப்பதைப் பார்த்துக் குறிப்பெடுத்தார். மறுநாள் மூவர் மூவராக அழைத்து, ஒவ்வொருவரையும் சோடாவைக் கரைத்துக் காட்டச் சொன்னார். அதன்பின், கண்களைத் துணியால் கட்டிக்கொண்டு குழாயைச் சென்றடையுமாறு பணித்தார். காரம் பட்ட கண்ணைத் திறக்க இயலாதல்லவா! ஒருவராலும் முடியவில்லை, ஒருவர் நூற்கொடியில் மாட்டிக்கொண்டார். அந்த வாரமே சங்கத்தின் செலவில் ஒரு குழாய் பட்டறைக்குள் கொண்டுவரப்பட்டது. கண் இழந்த தோழர் இப்போது நூல் வழங்கும் மேசையில் இருக்கிறார். அன்று அவரும் எழுந்து வந்து, தாம் செய்ததை அப்படியே விவரித்தார். அவரை எவரும் வற்புறுத்தவில்லை.

கட்டணத்தில் பாதியைப் பயிற்சியன்றும், மீதியை மறுபார்வைக்குப் பின்னரும் தருவதென ஒப்பந்தம். நாற்பது நாள் கழித்து முன்னறிவிப்பின்றி வந்த அவர், வாங்கிய கண்ணாடிகள் ஆணியில் தொங்குவதைக் கண்டார். கோபிக்கவில்லை, காரணம் கேட்டார். தொட்டியின் ஆவி படிந்து ஒன்றுமே தெரிவதில்லை என்றனர். ஒன்றை மாட்டிக்கொண்டு தாமே தொட்டியருகே நின்று பார்த்துவிட்டு, பக்கவாட்டில் மறைவான காற்றுத்துளை உள்ள வேறு வகையை வாங்குமாறு எழுதிக் கொடுத்தார். அச்செலவுச் சீட்டும் நம் பார்வைக்கு வந்தது. குறியிடுமுன், இம்முறை பட்டறைக்குள் சென்று, ஒருவரைக் கண்ணை மூடிக்கொண்டு குழாயருகே செல்லுமாறு கேட்டுக்கொண்டோம்.