கோயம்பேட்டிலிருந்து வந்த பிள்ளை

கொரோனாவைப் பற்றி எல்லாரும் எழுதி ஓய்ந்துவிட்டார்கள். ஆனாலும் எங்கள் தஞ்சைப் பக்கத்துக்கு அது எப்படி வந்தது, வந்து என்ன செய்தது என்று தோழியரிடம் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. பாபநாசம் பக்கத்தில் எங்கள் கிராமம்.

2020 பிப்ரவரி 5-ம் தேதி பெரிய கோயில் கும்பாபிஷேகம். 23 வருஷம் கழித்து நடந்ததால் லட்சக்கணக்கில் ஜனம். நாங்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய் இடிபட்டு வந்தோம். ஒன்றரை மாதத்தில், மார்ச் 25-ல் ஊரடங்கு! வாசலில் வேப்பிலை, மஞ்சள் தண்ணீர். பால் பாக்கெட்டைக்கூட சோப்பு போட்டுக் கழுவினேன். ஜன்னலையெல்லாம் இறுக்கி அடைத்தோம். மூச்சுக்காற்றில்தான் அதிகம் பரவுகிறது, ஜன்னலைத் திறந்து வைப்பதுதான் நல்லது என்பது பிறகுதான் தெரிந்தது.

நிஜமான பயம் வந்தது ஏப்ரல் கடைசியில். சென்னை கோயம்பேடு மார்க்கெட்டில் தொற்று பரவி, மே 5-ம் தேதி அதை மூடினார்கள். அங்கே மூட்டை தூக்கிய பிள்ளைகள் லாரி பிடித்து அவரவர் ஊருக்குத் திரும்பினார்கள். கடலூர், அரியலூர், விழுப்புரம் என்று எண்ணிக்கை ஏறிக்கொண்டே போக, டி.வி.யைப் பார்த்தே பாதி உயிர் போயிற்று.

அடுத்த வீட்டு அக்காவின் மகனும் அப்படித்தான் ஒரு ராத்திரி வந்து சேர்ந்தான். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அவசரத்துக்கு மாவு, உறைமோர் எல்லாம் அங்கேதான். மறுநாள் காலையில் தலையாரிக்குப் போன் போட்டது நான்தான். என் மாமியாருக்குச் சர்க்கரையோடு இழுப்பு வேறு. சின்னவனுக்கு நாலு வயசு. சொன்னது தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்திருக்கலாம். சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாலே கேட்கும்.

பையனைப் பள்ளிக்கூடத்தில் 14 நாள் தனியாக வைத்தார்கள். பரிசோதனையில் தொற்று இல்லை என்றே வந்தது. அதற்குள் தெருவே அந்த வீட்டுக்கு முதுகைக் காட்டிவிட்டது. தினமும் தூக்குவாளியோடு பள்ளிக்கூடத்துக்கு நடந்த அக்கா, என் வாசலைக் கடக்கும்போது நிமிர்ந்தே பார்க்கவில்லை.

வயல் மட்டும் நிற்கவில்லை. பல வருஷத்துக்குப் பிறகு மேட்டூர் அணையைச் சரியாக ஜூன் 12-ம் தேதி திறந்தார்கள். விவசாய வேலைக்குத் தடையில்லை. முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு பெண்கள் குறுவை நட்டார்கள். எங்கள் வயலுக்கு முதல் ஆளாக வரும் அக்கா மட்டும் வரவில்லை.

2021 மார்ச்சில் அம்மாப்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் 50-க்கும் மேற்பட்ட மாணவிகளுக்குத் தொற்று என்று செய்தி. மே மாதம் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36 ஆயிரம் பேர். அந்தக் கிருமிக்கு 'டெல்டா' என்று பெயர் வைத்தார்களே, "உங்க ஊர்லேருந்துதான் கிளம்பிச்சா?" என்று மும்பையிலிருந்து நாத்தனார் போனில் கேட்டாள்! டெல்டா என்பது ஒரு கிரேக்க எழுத்து. நம் ஆற்றுப் படுகைக்கும் அந்த எழுத்துதான் பெயர் கொடுத்தது என்று அவளுக்கு விளக்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

அந்த மே மாதம்தான் அக்காவின் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இறந்தார். சுற்றிக் கட்டிக் கொடுத்த உடம்பை நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அக்காவைக் கட்டிக்கொண்டு அழ ஒரு பெண் பிள்ளை போகவில்லை. நானும் சுவருக்கு இந்தப் பக்கமே நின்றேன்.

2022-ல் அவர்கள் வீட்டில் பொங்கல் இல்லையென்று, தூக்கில் பொங்கல் எடுத்துப் போனேன். வாங்கிக்கொண்டார். இப்போது "என்ன, கடைக்கா?" என்கிற அளவுக்குப் பேச்சு இருக்கிறது. உறைமோர் கேட்டு இரண்டு பேருமே போவதில்லை.

- பாபநாசம் வாசகி