சிவந்த சிறுநீரும் வீண் அச்சமும்

காசநோய்க்கு மருந்துண்ணத் தொடங்கும் நம் தாராவி அன்பர்களுட் சிலர், முதல் நாளிலேயே சிறுநீர் செம்மஞ்சளாகவோ சிவப்பாகவோ இறங்கக் கண்டு திடுக்கிடுகின்றனர். இரத்தம் போகிறது என்றும், மருந்தின் சூடு உடலை வாட்டுகிறது என்றும் எண்ணி மாத்திரையை நிறுத்திவிடுவோரும் உளர். அச்சம் வீணானது, அதனால் விளையும் கேடோ பெரிது.

காரணம் எளியதே. 1965-இல் இத்தாலியில் உருவாக்கப்பெற்ற ரிஃபாம்பிசின் என்னும் மருந்து காசநோய் மாத்திரையில் அடங்கியுள்ளது. அது இயல்பாகவே செங்கல் நிறமுடையது. அதன் ஒரு பகுதி சிறுநீர் வழியே வெளியேறுகையில் அந்நிறமும் உடன் செல்கிறது. வியர்வையும் கண்ணீரும்கூடச் சிறிது சிவக்கலாம். வெள்ளாடையில் கறை படியலாம். மருந்துக் காலம் முடிந்ததும் நிறமும் மறைந்துவிடும்.

சென்னையில் 1956-இல் தொடங்கப்பெற்ற காசநோய் ஆராய்ச்சி நிலையம், வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடையலாம் என்பதை 1959-இல் உலகுக்கு மெய்ப்பித்தது. நோயாளி மருந்தை உண்டாரா என்றறிய அன்று சிறுநீரைச் சோதித்தனர். ரிஃபாம்பிசின் உண்பவர்க்கோ, மருந்து உடலிற் சேர்ந்தமைக்கு அச்செந்நிறமே சான்று.

நிற்க. எல்லா நிறமாற்றமும் தீங்கற்றது என்று கருதலாகாது. சிறுநீர் பாலில்லாத் தேநீர்போற் கறுத்து, கண்கள் மஞ்சளித்து, பசியின்மையும் வாந்தியும் சேர்ந்தால், அது கல்லீரல் தாக்குற்றதன் அறிகுறி. அன்றே மருத்துவரைக் காணல் வேண்டும். இரத்தக்கட்டி, எரிச்சல், வலி ஆகியவை கண்டாலும் அவ்வாறே. இம்மருந்தை உண்ணாத ஒருவருக்குச் சிறுநீர் சிவந்தாலும் தாமதித்தல் தகாது.

வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். இரண்டாம் மாதத்திலேயே இருமல் தணிந்து உடல் தேறினாலும், கிருமி முற்றும் அழிந்திராது. இடையில் நிறுத்தினால் எஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காத வலிமை பெறக்கூடும். நமக்கு அண்மையிலுள்ள மாகிம் ஹிந்துஜா மருத்துவமனையின் மருத்துவர்கள், சோதித்த மருந்துகள் எவற்றுக்கும் கட்டுப்படாத காசநோயை 2011 டிசம்பரில் அறிவித்ததை நாம் மறத்தலாகாது.

திருநெல்வேலிக்கோ வேறு ஊருக்கோ விடுமுறைக்குச் செல்வோர், புறப்படுமுன் மருந்து வழங்கும் நிலையத்தில் தெரிவிப்பாராக. ஊரருகே உள்ள அரசு நிலையத்துக்குச் சிகிச்சையை மாற்றித் தர வழியுண்டு. துணி மூட்டையை மறந்தாலும் மாத்திரைப் பொதியை மறவாதீர்.