விரல் நகர நகர விரியும் கதை

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், காஸ்கேட் மலைத்தொடரில் உள்ள சரிவு டனல் க்ரீக். 2012 பிப்ரவரி 19 அன்று, பனிச்சறுக்கில் கைதேர்ந்த பலர் இருந்த ஒரு குழு அதில் இறங்கியது. பனி சரிந்தது, மூன்று பேர் இறந்தார்கள். நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஜான் பிராஞ்ச் இதை ஆறு பகுதிகளாக எழுதினார். அந்த டிசம்பரில் 'ஸ்னோ ஃபால்' என்ற தலைப்பில் இணையத்தில் வெளியான அந்தக் கட்டுரை, மறுஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. இத்தனை நீளத்தைத் திரையில் யார் படிப்பார்கள் என்று கேட்டவர்களின் வாய் கொஞ்ச நாள் அடைத்துப்போனது. முதல் ஆறு நாளில் 35 லட்சம் தடவைக்கு மேல் அந்தப் பக்கங்கள் திறக்கப்பட்டிருந்தன.

திறந்ததும் திரை முழுக்க ஒரு பனிச்சரிவு. காற்றில் பனித்தூள் அலைந்துகொண்டே இருக்கும். சிறிய வீடியோத் துண்டு ஒன்றை முடிவும் தொடக்கமும் ஒட்டும்படி சுழலவிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். மலையின் அமைப்பைச் சொல்லும் இடத்தில் மட்டும் அந்த மலையே எழுந்து வருகிறது. செயற்கைக்கோள் படத்தையும் நில உயர அளவுகளையும் இணைத்து உருவாக்கிய மலை அது. நாம் அதன்மீது பறந்துபோகிறோம். எந்தப் பக்கம் செங்குத்து, எங்கே பள்ளத்தாக்கு குறுகுகிறது என்பதை நான்கு பத்தி எழுதினாலும் இப்படிப் புரியவைக்க முடியாது. பனிக்குள் புதைந்தவரின் பயத்தையோ பெரும்பாலும் எழுத்திடமே விட்டுவிட்டார்கள். இந்தப் பங்கீடுதான் அந்தக் கட்டுரையின் சாமர்த்தியம் என்பேன்.

நுட்பத்தில் பெரிய மர்மம் இல்லை. வாசகர் பக்கத்தை எதுவரை நகர்த்தியிருக்கிறார் என்பது பிரவுசருக்குத் தெரியும். குறித்துவைத்த பத்தி திரைக்குள் நுழைந்ததும், வரைபடத்தை நகர்த்து என்று நிரல் கட்டளையிடும். கனமான படங்களை அருகில் வந்தபிறகே இறக்கிக்கொள்வதும் இதே கணக்கில்தான். இல்லாவிட்டால் செல்பேசி திணறிவிடும்.

பிறகு வந்த நகல்களில் பலவற்றைச் சகிக்க முடியவில்லை. தொட்டதெல்லாம் அசையும், படம் பறக்கும், பக்கம் நம் விரலுக்கு அடங்காது. 2016இல் டைம்ஸின் வரைகலை ஆசிரியர் ஆர்ச்சி ட்சேயே, வாசகர்கள் பெரும்பாலும் பக்கத்தை நகர்த்திப் படிக்கத்தான் விரும்புகிறார்கள், சொடுக்கச் சொன்னால் அதற்குத் தக்க பலன் இருக்க வேண்டும் என்றார்.

நீங்கள் இப்படி ஒன்று செய்ய நினைத்தால், படங்களை எல்லாம் எடுத்துவிட்டு, வெறும் எழுத்தை ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் நிறுத்தி 'இது எங்கே இருக்கிறது?' என்று கேட்கிறாரோ, அங்கே வரைபடம் வையுங்கள்.