மனிதரைத் தின்னும் மரம் உண்டா?

மடகாஸ்கர் தீவில் மனிதரைத் தின்னும் மரம் ஒன்று இருப்பதாக நீங்கள் எங்கேனும் படித்திருக்கலாம். அன்னாசிப்பழம் போன்ற அடிமரம். உச்சியிலிருந்து தொங்கும் எட்டு நீண்ட இலைகள். பாம்புபோல் நெளியும் கொடிக்கைகள். பலியாக ஏற்றப்பட்ட பெண்ணை இம்மரம் சுற்றி வளைத்து விழுங்கியதாக 1874-இல் ‘நியூயார்க் வேர்ல்டு’ நாளிதழ் எழுதியது. முழுக் கற்பனை! ஆயினும் அக்கதை பல நாடுகளில் உலவியது. 1924-இல் அம்மரத்தைத் தலைப்பில் தாங்கிய நூலே வெளிவந்தது.

அத்தகைய மரம் ஏன் இருக்க இயலாது? இதற்கு விடை தேடினால் உண்மையான ஊனுண்ணித் தாவரங்களின் இயல்பு விளங்கும்.

பசியா, உரமா?

1875-இல் சார்லஸ் டார்வின் இத்தாவரங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ட்ரோசீரா என்னும் சிறுசெடியின் இலைமீது அவர் சர்க்கரை, மாவுப்பொருள், எண்ணெய் ஆகியவற்றை இட்டார், இலை அசையவில்லை. பால், இறைச்சிச் சாறு இவற்றை இட்டதும் இலையின் உரோமங்கள் வளைந்தன. காரணம் என்ன? மாவுப்பொருளைச் செடி சூரிய ஒளியால் தானே தயாரித்துக்கொள்கிறது. அது வளரும் சதுப்பு நிலத்தில் கிடைக்காதது நைட்ரஜன். எனவே பூச்சி அதற்குச் சோறு அன்று, உரம். அதற்குச் சில பூச்சிகளே போதும்.

தசையின்றி அசைவது எப்படி?

வீனஸ் ஈப்பொறியின் உணர்வு உரோமங்களை ஏறத்தாழ 20 விநாடிக்குள் இருமுறை தொட்டால், இலை சுமார் 1/10 விநாடியில் மூடிக்கொள்ளும். தகர டப்பாவின் மூடியை அழுத்தினால் ‘டக்’கென்று உட்புறம் வளைகிறதல்லவா? அதுபோல் வெளியே வளைந்திருந்த இலை உள்வளைந்து புரள்கிறது. இதைத் தொடங்கி வைப்பது திசுக்களுக்குள் ஓடும் நீர். நீர் ஊடுருவும் நேரமோ தடிப்பின் இருமடிக்கு ஏற்பக் கூடும். தடிப்பு 10 மடங்கானால் நேரம் 100 மடங்கு! மனிதனை இறுக்கும் வலிமையுள்ள தடித்த இலை அசையத் தொடங்குமுன் அவன் இறங்கி நடந்துவிடுவான்.

அகப்பட்டாலும் செரிப்பது எளிதன்று. பொறிக்குள் அடங்காத பெரிய பூச்சி அழுகினால், அந்த இலையும் சேர்ந்து மடிந்துவிடுகிறது.

பெரிய குடுவையின் வழி

போர்னியோவின் ‘நெப்பந்தஸ் ராஜா’ செடியின் குடுவை இரண்டு லிட்டருக்கும் மேல் கொள்ளும். எலி எப்போதாவது அதில் விழுந்து இறப்பதுண்டு. ஆனால் மர மூஞ்சூறுக்கு அது தன் மூடியில் இனிய சாறு சுரந்து அளிக்கிறது. சாற்றை நக்கியபடி விலங்கு இடும் எச்சம் குடுவைக்குள் விழுந்து உரமாகிறது.

மடகாஸ்கரிலும் குடுவைத் தாவரம் உண்மையாகவே உண்டு. அதன் இரை எறும்பும் ஈயும்தான்!