மைந்தனை இழந்த மாளிகை

செல்வர்கள் மாளிகை கட்டுவதும் சோலை வளர்ப்பதும் தம் சந்ததிக்காகவே. அச் சந்ததி இடையில் அற்றுப்போனால் அவையெல்லாம் யாருக்கு? இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியிலுள்ள ஸ்டௌர்ஹெட் மாளிகை இவ்வினாவுக்கு விடை கூறி நிற்கின்றது.

இலண்டனில் வங்கித் தொழில் நடத்திப் பெரும் பொருளீட்டிய ஹோர் குடும்பத்தார் 1717 இல் இந்நிலத்தை வாங்கினர். பழைய மனையை அகற்றி, இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோவின் முறையைத் தழுவிப் புதிய மாளிகை எழுப்பினர். அடுத்த தலைமுறையினரான ஹென்றி ஹோர் 1743 இல் மனைவியை இழந்தார். அதன் பின்னரே அவர் சோலைப் பணியில் முனைந்தார். ஸ்டௌர் ஆறு ஊற்றெடுக்கும் பள்ளத்தாக்கின் குறுக்கே அணை கட்டி நீரைத் தேக்கினார். அவ்வாறு உண்டான ஏரியின் கரையிலே உரோமானியக் கோயில்களை ஒத்த மண்டபங்களும், கற்குகையும், ஐந்து வளைவுகளைக் கொண்ட பாலமும் அமைந்தன.

ஏரியைச் சுற்றி நடப்போருக்கு அக்கரை மண்டபம் ஒரு கணம் தோன்றும். மறு கணம் மரங்களிடையே மறையும். பின்னர் எதிர்பாராத இடத்தில் நீரிலே நிழல் வீழ்த்தி நிற்கும். இருண்ட குகையினுள்ளே ஊற்றுநீரின் ஓசை செவியை நிறைக்கும். இயற்கையே என மயங்கத்தக்க இவ்வனப்பு மனிதர் திட்டமிட்டு ஆக்கியதாகும்.

1902 இல் மாளிகையின் நடுப்பகுதியைத் தீ அழித்தது. கீழ்த்தளத்திலிருந்த ஓவியங்களும் தளபாடங்களும் பெரும்பாலும் காப்பாற்றப்பட்டன. அப்போதைய உரிமையாளரான சேர் ஹென்றி ஹோரும் அவர் துணைவியார் அல்டாவும் மனந்தளராது மாளிகையை மீண்டும் கட்டுவித்தனர். தம் ஒரே மைந்தன் ஹாரி அதில் வாழ்வான் என்பதே அவர்தம் நம்பிக்கை.

அந்நம்பிக்கையும் நிலைக்கவில்லை. முதலாம் உலகப் போரிலே பாலஸ்தீனப் போர்முனையிற் படுகாயமுற்ற ஹாரி, 1917 டிசம்பரில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் உயிர் நீத்தார். தீயினால் அழிந்ததைக் கட்டி எழுப்பிய பெற்றோருக்கு இவ்விழப்பை ஈடுசெய்ய வழியேது?

முதுமையெய்திய அவர்கள் 1946 இல் மாளிகையையும் சோலையையும் நாட்டின் மரபுச் செல்வங்களைப் பேணும் நாஷனல் டிரஸ்ட் நிறுவனத்திடம் ஒப்படைத்தனர். மறு ஆண்டு மார்ச் 25 ஆம் நாள், சில மணி நேர இடைவெளியில், இருவரும் காலமாயினர்.

இன்று அவ்வேரிக் கரையிலே பிறர் குழந்தைகள் ஓடி விளையாடுகின்றனர். ஒரு மைந்தனுக்கென மீட்ட மனை ஊரார் பிள்ளைகள் அனைவருக்கும் உரியதாயிற்று. பெற்றோரின் துயரம் அதனால் மறைந்திராது. எனினும் அத்துயரிலிருந்து பிறந்த கொடை வாடாது நிலைத்திருக்கின்றது.