பொத்தான் அறியாத திரை

கணினித் திரையில் ஒரு பொத்தானை அழுத்தினால் அது உள்ளே அமிழ்ந்து மீண்டும் எழுகிறது. ஆனால் அங்கே அசைவது எதுவுமில்லை. செவ்வகத்தின் மேல், இடது விளிம்புகளில் வெளிர்நிறக் கோடு. கீழ், வலது விளிம்புகளில் அடர்நிறக் கோடு. வெளிச்சம் மேலிருந்து விழுவதாக நினைத்துக்கொண்டு கண் அதைப் புடைப்பாகப் பார்க்கிறது. அழுத்தும் கணத்தில் இரண்டு நிறங்களும் இடம் மாறினால் புடைப்பு பள்ளமாகிவிடும். 1989-இல் வந்த ‘மோட்டிஃப்’ என்ற டூல்கிட் இந்தத் தோற்றத்தை யூனிக்ஸ் வொர்க்ஸ்டேஷன்களில் பரப்பியது.

அந்தக் கோடுகளை வரைவது யார் பொறுப்பு? 1984-இல் எம்.ஐ.டி.யில் பாப் ஷைஃப்லரும் ஜிம் கெட்டிஸும் உருவாக்கத் தொடங்கிய ‘எக்ஸ் விண்டோ சிஸ்டம்’ அதை ஏற்கவில்லை. எக்ஸில் நிரல் ஒரு கணினியிலும் திரை வேறொரு கணினியிலும் இருக்கலாம். ‘இங்கே கோடு போடு, இந்தச் செவ்வகத்தை நிரப்பு’ என்று நிரல் செய்தி அனுப்பும். ‘இந்தப் புள்ளியில் மவுஸ் அழுத்தப்பட்டது’ என்று திரைப்பக்கத்திலிருந்து செய்தி வரும். அவ்வளவுதான். பொத்தான், மெனு என்று எதையும் எக்ஸ் அறியாது. வழிவகையை மட்டும் தருவோம், தோற்றத்தை விதிக்க மாட்டோம் என்பது அதன் கொள்கை.

எனவே மென்பொருள் எழுத உட்கார்ந்தவர் முதலில் பொத்தான், மெனு போன்றவற்றை வரைந்து தரும் ஒரு டூல்கிட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. எம்.ஐ.டி.யின் ‘அதீனா’ இலவசம், ஆனால் வெறுமையானது. அதன் உருள்பட்டையில் இடது பொத்தான் கீழே நகர்த்தும், வலது பொத்தான் மேலே நகர்த்தும், நடுப்பொத்தான் பிடித்து இழுக்கும். சன் நிறுவனமும் ஏ.டி.&டி.யும் முன்வைத்த ‘ஓப்பன் லுக்’கில் அம்புக்குறிகள் உருள்பட்டையின் நகரும் பெட்டியிலேயே ஒட்டியிருந்தன. டெக், எச்.பி., ஐ.பி.எம். போன்றவை கூடி அமைத்த ஓ.எஸ்.எஃப்.-இன் மோட்டிஃபிலோ அவை பட்டையின் இரு முனைகளில் இருந்தன. ஒரே திரையில் மூன்று மென்பொருள்கள் திறந்திருந்தால் கை மூன்று பழக்கங்களைக் கற்க வேண்டும்.

1993-இல் சன்னும் மோட்டிஃபை ஏற்றுக்கொண்டது. போட்டி முடிந்ததுபோல் இருந்தது. ஆனால் மோட்டிஃபுக்குக் காசு கொடுத்து உரிமம் வாங்க வேண்டியிருந்தது. அதற்குள் இலவச லினக்ஸ் மாணவர்களின் கணினிகளுக்கு வந்துவிட்டது. பெர்க்லியில் ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மாட்டிஸும் ‘கிம்ப்’ என்ற படத்திருத்த மென்பொருளை மோட்டிஃபில் எழுதி இலவசமாக வெளியிட்டார்கள். மூலநிரல் கைக்கு வந்தும், மோட்டிஃப் இல்லாதவர்களால் அதிலிருந்து மென்பொருளை உருவாக்க முடியவில்லை. மாட்டிஸ் மோட்டிஃபைக் கைவிட்டுச் சொந்தமாக ஒரு டூல்கிட்டை எழுதினார். அதுதான் ஜி.டி.கே. 1997-இல் தொடங்கிய க்னோம் டெஸ்க்டாப் திட்டம் அதையே அடித்தளமாக்கிக்கொண்டது.

மோட்டிஃப் 2012-இல் கட்டற்ற உரிமத்தில் வெளியானது. ஆனால் அதற்குள் ஒரு தலைமுறை ஜி.டி.கே.யிலும் க்யூட்டி என்ற மற்றொரு டூல்கிட்டிலும் எழுதிப் பழகிவிட்டது. டூல்கிட்டைத் தேர்ந்தெடுப்பவர்கள் பொத்தானின் அழகைப் பார்ப்பது இயல்பு. ஆனால் அந்த டூல்கிட்டை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாமா, திருத்தலாமா என்ற கேள்விதான் எந்த டூல்கிட் நிலைக்கும் என்பதை முடிவு செய்தது.