முதல் சர்வர் மொழி எது? முட்டை விலையை வைத்து ஒரு குறிப்பு

"பிஎச்பியா, பைத்தானா, நோடா?" நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் கல்லூரி முடிக்கிற பசங்க அடிக்கடி கேட்பது இது. வீட்டில் கோர்ஸ் ஃபீஸ் ஒரு தடவைதான் கட்டுவாங்க. அதனால் சின்னக் கேள்வி இல்லை.

முதலில் சர்வர் நிரல் என்ன செய்யுதுன்னு பார்ப்போம். நாமக்கல் மண்டல முட்டை விலையை என்இசிசி அறிவிக்கிறது. அதைக் காட்டும் பக்கத்தை வெறும் எச்டிஎம்எல்லில் எழுதினால், விலை மாறும்போதெல்லாம் அந்தப் பக்கத்தையே திருத்தணும். சர்வரில் நிரல் இருந்தால், யாராவது பக்கத்தைக் கேட்கும்போது டேட்டாபேஸிலிருந்து அன்றைய விலையை எடுத்து, பக்கத்தைத் தயார்செய்து அனுப்பிவிடும்.

இதைப் பழக என் பரிந்துரை பிஎச்பி. 1995இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்டது. பழசுதான். ஆனால் வேர்ட்பிரஸ்ஸும், தமிழ் விக்கிப்பீடியாவின் மீடியாவிக்கியும் அதில் எழுதப்பட்டவையே. எச்டிஎம்எல் நடுவிலேயே எழுதலாம். மலிவான ஹோஸ்டிங்கிலும் ஓடும். டேட்டா சயின்ஸ் பக்கம் போகிறவர்கள் பைத்தானில் தொடங்கலாம். ஜாவாஸ்கிரிப்ட் ஏற்கெனவே நன்றாகத் தெரிந்தவர்களுக்கு நோட்.

எதை எடுத்தாலும் கற்க வேண்டியது நான்கு: படிவத்தில் வருவதை வாங்குவது, சரிபார்ப்பது, டேட்டாபேஸில் சேமிப்பது, லாகின். பயனர் தட்டியதை அப்படியே எஸ்க்யூஎல் வரியில் ஒட்டாதீங்க. ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் பழகுங்க. இல்லேன்னா யாரோ ஒருத்தர் உங்க விலையை மாத்திட்டுப் போயிடலாம்.

இந்த நான்கும் கைவந்துட்டா அடுத்த மொழி சுலபம். மூணு மாசத்துக்கு ஒரு மொழின்னு தாவினா, கட்டின ஃபீஸ்தான் மிஞ்சும்.